டைகர் மாத்: மாணவர் முன் இருக்கையிலா, பின் இருக்கையிலா?

வால்சக்கரம்:
பக்கத்து இழையில் ஹார்வர்ட்பித்தன் ஏதோ ஒரு விமான அருங்காட்சியகத்தின் படங்களைப் போட்டு, டைகர் மாத் படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறார்: "முன் இருக்கை மாணவருக்கு, பின் இருக்கை பயிற்றுநருக்கு. எல்லாப் பயிற்சி விமானங்களிலும் இதுதான் வழக்கம்." அதற்கு ஆளாளுக்கு அருமை, பயனுள்ள தகவல், சேமித்துக்கொண்டேன் என்று பாராட்டு வேறு. படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே பதில் எழுதினால் திசைதிருப்பாதீர்கள் என்பார்கள். அதனால் தனி இழை.

டைகர் மாத்தில் பயிற்றுநர் முன்னால், மாணவர் பின்னால். தனியாகப் பறப்பவர் பின் இருக்கையிலிருந்துதான் ஓட்டுவார். பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த இந்த இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம் 1931 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்தது. அதற்கு முந்தைய மாத் விமானங்களில் மேல் இறக்கையின் நடுப்பகுதியும் அதைத் தாங்கும் கம்பிகளும் முன் இருக்கையைக் கூண்டு போல அடைத்திருந்தன. தலைக்கு நேர் மேலே பெட்ரோல் டேங்க். பாராசூட் கட்டிய ஆள் அவசரத்துக்கு வெளியே குதிக்க முடியாது. அதற்காகவே மேல் இறக்கையை முன்னே தள்ளினார்கள். அப்படித் தள்ளியதால் எடை சமன் கெடக்கூடாது என்று இறக்கைகளைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். டைகர் மாத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் இறக்கைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்குமே, அதன் கதை இதுதான். அவ்வளவு மெனக்கெட்டது முன்னால் உட்கார்ந்த பயிற்றுநருக்காக.

ஹார்வர்ட்பித்தன்:
என் பெயரைப் போட்டே இழை தொடங்கியதற்கு நன்றி. இலவச விளம்பரம்.

நான் எழுதியது என் கற்பனை அல்ல. அருங்காட்சியகப் பலகையில் அப்படித்தான் இருக்கிறது. முன் இருக்கையில் இளைஞன் பொம்மை, பின் இருக்கையில் மீசை வைத்த அதிகாரி பொம்மை. பலகை எழுதியவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? கொஞ்சம் யோசியுங்கள். கற்றுக்கொள்கிறவனுக்கு எதிரே தெரிய வேண்டாமா? இன்னொருவர் முதுகைப் பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டப் பழக முடியுமா? ஹார்வர்ட் பயிற்சி விமானத்தில் மாணவர் முன்னால். டி ஹாவிலண்டின் சிப்மங்க் பயிற்சி விமானத்தில் முன்னால். டைகர் மாத் மட்டும் வானத்திலிருந்து குதித்ததா?

வால்சக்கரம்:
வானத்திலிருந்து குதிக்கத்தானே ஐயா இறக்கையையே நகர்த்தினார்கள்.

ஹார்வர்டைப் பற்றி யார் கேட்டார்கள்? சிப்மங்கைப் பற்றி யார் கேட்டார்கள்? ஒரே கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: டைகர் மாத்தில் தனியாகப் பறக்கும் மாணவர் எந்த இருக்கையில் உட்காருவார்? பின் இருக்கையில். முன் இருக்கை ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விமானத்தின் சமன் பெரிதாக மாறாது. அதனால் காலியாக விட வேண்டியது அந்த இருக்கை. தனியாக எங்கே உட்காரப் போகிறானோ அங்கேயே முதல் நாளிலிருந்து பழக்குவார்கள். இது சாதாரண அறிவு.

சும்மா பார்ப்பவன்:
மீசை இருந்தால் அதிகாரி, இல்லையென்றால் மாணவர். அருங்காட்சியக ஆராய்ச்சி எவ்வளவு எளிது பாருங்கள்.

நூல்நிலையம்:
தொடங்குவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாமா? "மாணவர்" என்று யாரைச் சொல்கிறோம்? முதல்முறை விமானம் ஏறுகிறவரையா, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகுகிறவரையா, இன்று காசு கொடுத்து ஒரு சுற்று போய்வரும் பயணியையா? மூவரும் ஒரே இருக்கையில் உட்காருவதில்லை.

ஹார்வர்ட்பித்தன்:
வால்சக்கரம், "சாதாரண அறிவு" என்று சொன்னால் சான்று ஆகிவிடாது. இன்றைக்கும் டைகர் மாத்தில் ஆட்களை ஏற்றிப் பறக்கிறார்கள், காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. கட்டணம் கட்டி ஏறுகிறவர் முன் இருக்கையில். விமானி பின்னால். கண்ணால் பார்ப்பது பொய்யா?

வால்சக்கரம்:
பயணி! அவர் பயணி! விமானி பின்னால் இருக்கிறார் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். விமானத்தை ஓட்டுகிறவர் பின்னால். தனியாகப் போனாலும் பின்னால். அப்படியென்றால் அந்த விமானத்தை ஓட்டப் பழகும் மாணவர் எங்கே? பின்னால். இதற்கு மேல் என்ன வேண்டும், வெள்ளைத்தாளில் கையெழுத்தா?

எச்டி2அபிமானி:
வெள்ளைக்காரன் செய்த விமானத்தில் யார் எங்கே உட்கார்ந்தார் என்று இவ்வளவு கவலை. இந்தியாவில் வடிவமைத்துத் தயாரிப்புக்குப் போன முதல் விமானம் எச்டி-2. அதைப் பற்றி யாருக்காவது ஒரு வரி எழுதத் தோன்றியதா? வி. எம். காட்கே தலைமையில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் (எச்ஏஎல்) வடிவமைத்து 1951 ஆகஸ்டில் பறக்கவிட்டது. 155 குதிரைத்திறன் சிர்ரஸ் மேஜர் எஞ்சின், கம்பியும் துணியும் இல்லாத உலோக உடல், கண்ணாடிக் கூரை. கானா நாட்டு விமானப்படை 12 வாங்கியது. பெங்களூரு எச்ஏஎல் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டிப்போய் மிக்-21 பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொன்று. சிப்மங்க் படத்தைப் போட்டு "எச்டி-2, நம் பெருமை" என்று எழுதியவர் யார் என்று இங்கே பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். அவர்தான் இப்போது எல்லாப் பயிற்சி விமானங்களுக்கும் வழக்கம் சொல்கிறார்.

ஹார்வர்ட்பித்தன்:
அந்தப் படத்தை விடவே மாட்டீர்களா? இரண்டும் தாழ்ந்த இறக்கை, ஒருவர் பின்னால் ஒருவர், மேலே கண்ணாடி, வாலில் சின்னச் சக்கரம். தூரத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். யாராக இருந்தாலும் குழம்புவார்கள்.

எச்டி2அபிமானி:
யாராக இருந்தாலும் அல்ல. வால் துடுப்பைப் பார்த்தாலே டி ஹாவிலண்ட் வளைவு தெரியும். விமானம் பார்க்கத் தெரிந்தவருக்கு.

வால்சக்கரம்:
இழை எச்டி-2 பற்றியது இல்லை. டைகர் மாத்தில் தனியாகப் பறக்கும் மாணவர் எந்த இருக்கை? ஹார்வர்ட்பித்தன் இன்னும் பதில் சொல்லவில்லை, எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சான்று. டைகர் மாத்தின் பின் காக்பிட்டுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும் ஒரு துணி மூடியைப் பார்த்திருக்கிறீர்களா? இழுத்துவிட்டால் பின் இருக்கைக்காரருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் பதறாமல் இருக்கக் கொடுக்கும் பயிற்சி அது. மூடி பின் இருக்கைக்கு மட்டும்தான். கண்ணைக் கட்டிவிட்டுப் பயிற்சி கொடுப்பது யாருக்கு, பயிற்றுநருக்கா? மீசைக்கார அதிகாரியை இருட்டில் உட்காரவைத்துவிட்டு இளைஞன் முன்னால் வேடிக்கை பார்த்தானா?

ஹார்வர்ட்பித்தன்:
சரி, மூடி பின்னால் இருக்கிறது. ஆனால் பயிற்றுநர் முன்னால் உட்கார்ந்தால் மாணவர் என்ன செய்கிறார் என்று எப்படிப் பார்ப்பார்? தலையைத் திருப்பிக்கொண்டே பறப்பாரா? பின்னால் இருந்தால் மாணவரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, தோள் எப்படி இறுகுகிறது எல்லாம் தெரியும். பள்ளியில் வாத்தியார் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டா பாடம் நடத்துகிறார்?

வால்சக்கரம்:
இரண்டு காக்பிட்டிலும் உள்ள கட்டுப்பாட்டுக் குச்சிகள் இணைந்தவை. கால் மிதிகளும் அப்படியே. பின்னால் இருப்பவர் மிதியை அழுத்தினால் முன்னால் இருப்பவரின் கால் தானாக நகரும். பார்க்கவே வேண்டாம், கைகாலுக்கே தெரியும். பேசுவதற்குக் குழாய். அது முதல் உலகப்போர்க் காலத்திலேயே வந்துவிட்டது. 1917இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி பயிற்சி முறையையே மாற்றி அமைத்தபோது பிறந்தது. அதனால்தான் அதற்கு காஸ்போர்ட் குழாய் என்று பெயர். ஊதுகுழல் மாதிரி வாயில் வைத்துக் கத்தினால் மாணவரின் தலைக்கவசத்துக்குள் கேட்கும். இதெல்லாம் தெரியாமல் வாத்தியார் முதுகு பற்றிப் பேசுகிறீர்கள்.

ரன்வேராணி:
நீங்கள் இரண்டு பேரும் இருக்கைக்கு அடித்துக்கொள்கிறீர்கள். என் ஆத்திரம் வேறு. பாதி அருங்காட்சியகங்களில் டைகர் மாத்தைக் கூரையில் கம்பி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் வயிறுதான் தெரியும். காக்பிட்டுக்கு வெளியே, உடலின் பக்கவாட்டில், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்சுகள் இருக்கும். புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுகிறவர் அது ஆஃப் செய்யப்பட்டிருக்கிறதா என்று தன் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அவருடைய கை போகாமல் காப்பாற்றிய அமைப்பு அது. இறக்கைகளுக்கு நடுவில் உள்ள கம்பத்தில் ஒரு சின்னத் தகடு, காற்று அடிக்க அடிக்கப் பின்னால் சாயும், பக்கத்தில் எண் குறித்த பலகை. அவ்வளவுதான் வேகமானி! இதையெல்லாம் கண் உயரத்தில் வைத்தால்தானே பார்க்க முடியும்? யார் எந்த இருக்கை என்ற கேள்வியே அப்போது வராது.

சும்மா பார்ப்பவன்:
பயிற்சி விமானத்தைக் கண் உயரத்தில் வைத்து என்ன ஆகப்போகிறது? போர் பார்த்த விமானங்கள் வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. சண்டையே போடாத இதுகளுக்குக் கூரையா?

ரன்வேராணி:
சண்டையே போடாதவையா? சோவியத் நாட்டின் போ-2 பயிற்சிக்காகச் செய்ததுதான். அதை வைத்துத்தான் 588ஆவது படைப்பிரிவின் பெண் விமானிகள் இரவு இரவாக ஜெர்மானியர்கள் தலையில் குண்டு போட்டார்கள். 1940இல் ஜெர்மனி படையெடுத்து வந்துவிடும் என்ற பயத்தில் பிரிட்டனில் டைகர் மாத்துக்கே குண்டு மாட்டும் கொக்கி பொருத்தினார்கள். கொரியப் போரில் டி-6 விமானங்கள் தாழப் பறந்து புகை ராக்கெட்டால் இலக்கைக் காட்டிக்கொடுத்தன. டி-6 என்றால் ஹார்வர்ட்தான், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துணியும் மரமும் மழையில் நின்றால் ஒரே பருவத்தில் மட்கிப்போகும். அதனால் கூரை.

ஹார்வர்ட்பித்தன்:
ஹார்வர்ட் பற்றி ஒருவராவது மரியாதையாகப் பேசியதற்கு நன்றி. 600 குதிரைத்திறன், மடங்கும் சக்கரங்கள், தரையில் கொஞ்சம் அசந்தால் பம்பரமாய்ச் சுற்றிவிடும் குணம். அதை ஓட்டியவன் எதையும் ஓட்டுவான். அதில் மாணவர் முன்னால், மறந்துவிடாதீர்கள்.

நூல்நிலையம்:
அதைத்தான் சொல்ல வந்தேன். ஹார்வர்டிலும் கருவிப் பயிற்சிக்கு மூடி பின் காக்பிட்டில்தான். அந்தப் பாடத்துக்கு மட்டும் மாணவர் பின்னால் போவார், பயிற்றுநர் முன்னால் வருவார். ஆகப் பாடத்தைப் பொறுத்து இருக்கை மாறும். அதனால்தான் "மாணவர்" என்றால் யார் என்று முதலிலேயே கேட்டேன்.

வால்சக்கரம்:
பார்த்தீர்களா, ஹார்வர்டிலேயே மாணவர் பின்னால்! "எல்லாப் பயிற்சி விமானங்களிலும்" என்பது அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

ஹார்வர்ட்பித்தன்:
பார்த்தீர்களா, பாடத்தைப் பொறுத்து மாறுமாம்! அப்படியென்றால் டைகர் மாத்திலும் ஏதோ ஒரு பாடத்துக்கு மாணவர் முன்னால் இருந்திருப்பார். என் பலகை சரி. நன்றி நூல்நிலையம்.

நூல்நிலையம்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

வால்சக்கரம்:
அவர் அப்படிச் சொல்லவில்லை. தனியாகப் பறக்கும் மாணவர் எந்த இருக்கை? பின் இருக்கை. அமெரிக்காவின் ஸ்டியர்மன் தெரியுமா? இதே மாதிரி இரட்டை இறக்கை, திறந்த காக்பிட், மஞ்சள் இறக்கை. அதிலும் தனியாகப் பறப்பது பின் இருக்கையிலிருந்து. இரண்டு நாட்டு வடிவமைப்பாளர்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். உங்கள் பொம்மைக்காரர் மட்டும் வேறு இடத்துக்குப் போயிருக்கிறார்.

ஹார்வர்ட்பித்தன்:
ஸ்டியர்மனா? அப்படியென்றால் நானும் ஒன்று சொல்கிறேன். டைகர் மாத்தின் தம்பி குவீன் பீ. பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழக, ஆளில்லாமல் ரேடியோவால் ஓட்டிய விமானம். அதை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக விமானி உட்கார்ந்தது எங்கே? முன் இருக்கையில்! இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வால்சக்கரம்:
பின் இருக்கை இருந்த இடத்தில் ரேடியோக் கருவிகளை அடைத்துவிட்டார்கள், அதனால் முன்னால் உட்கார்ந்தார். ரேடியோ மடியிலா உட்காருவார்? குவீன் பீயில் மாணவரே கிடையாது. மாணவர் இல்லாத விமானத்தைக் காட்டி மாணவர் இருக்கையை நிரூபிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

ஹார்வர்ட்பித்தன்:
சரி, வால்சக்கரம் அவர்களே, உங்கள் பெயருக்கு வருவோம். டைகர் மாத் பற்றி இவ்வளவு பாடம் எடுக்கிறீர்களே, அதன் வாலில் சக்கரம் கிடையாது, தரையில் இழுபடும் கட்டைதான் இருக்கும் என்பதாவது தெரியுமா? பெயரிலேயே பிழையை வைத்துக்கொண்டு பலகையில் பிழை தேடுகிறீர்கள்.

வால்சக்கரம்:
கனடாவில் செய்த 82சி வகைக்கு வால்சக்கரம் உண்டு. பிரேக்கும் உண்டு. குளிருக்காக இழுத்து மூடும் கண்ணாடிக் கூரையும் உண்டு. காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டம் என்று 1939 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு, கனடாவில் மட்டும் 1,31,553 பேரைப் பயிற்றுவித்தார்களே, அங்கே தொடக்கப் பயிற்சிக்கு ஓடியது இந்த வகை. என் பெயர் எதைப் பார்த்து வைத்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் இல்லையே.

சும்மா பார்ப்பவன்:
அந்தக் கூரை போட்ட கனடாக்காரன் உள்ளே பின்னாலா முன்னாலா?

வால்சக்கரம்:
பின்னால்!!

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். தலைப்பை ஒட்டிப் பேசுங்கள்.

எச்டி2அபிமானி:
மட்டுறுத்துநருக்கு ஒரு கேள்வி. தலைப்பை ஒட்டி என்றால் எப்போதும் அந்த டைகர் மாத்தை ஒட்டியா? 2012 விமானப்படை தினத்தில் ஹிண்டன் விமானப்படைத் தளத்தில் டைகர் மாத்தைப் புதுப்பித்துப் பறக்கவிட்டபோது இங்கே பத்துப் பக்கம் கொண்டாடினீர்கள். எச்டி-2 ஒன்றைப் பறக்கவிட வேண்டும் என்று நான் எழுதியதற்கு ஒரு பதில் கூட வரவில்லை. ஓட்டக் கற்றுக்கொடுத்த விமானத்துக்கு இவ்வளவுதான் மதிப்பு.

ரன்வேராணி:
பறக்கவிட வேண்டும் என்கிறவர்கள் உதிரிபாகம் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும். டைகர் மாத் உலகம் முழுக்க இன்னும் பறப்பதால் ஜிப்ஸி மேஜர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எட்டாயிரத்துக்கும் மேல் செய்த விமானம் அது. எச்டி-2 அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வராது. இருப்பதை நல்ல நிலையில் நிறுத்திவைப்பதே பெரிது.

எச்டி2அபிமானி:
எண்ணிக்கையை வைத்துத்தான் மதிப்பு என்றால் எல்லா அருங்காட்சியகத்திலும் ஹார்வர்டை மட்டும் வைத்துவிட்டுப் போகலாம், பதினைந்தாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். ஒருவருக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கும்.

ஹார்வர்ட்பித்தன்:
எனக்கு ஆட்சேபம் இல்லை.

வால்சக்கரம்:
நேற்றிரவிலிருந்து ஒரே கேள்வி கேட்கிறேன். இறக்கையை ஏன் நகர்த்தினார்கள் என்று சொன்னேன். ஈர்ப்பு மையம் சொன்னேன். மூடி சொன்னேன். ஸ்டியர்மன் சொன்னேன். எதிர்த்தரப்பின் சான்று: மீசை. நான் அந்த அருங்காட்சியகத்துக்கே எழுதப்போகிறேன்.

ஹார்வர்ட்பித்தன்:
எழுதுங்கள். பொம்மைகளை இடம் மாற்றினால் சொல்லுங்கள், அதுவரை பலகைதான் சான்று. என் பதிவை நான் மாற்றப்போவதில்லை. நாளைக்குக் கிரண் படங்கள் போடுகிறேன். 1964இல் முதன்முதலாகப் பறந்த நம் ஜெட் பயிற்சி விமானம், சூர்யகிரண் சாகசக் குழு ஓட்டியது. இரண்டு இருக்கையும் பக்கத்தில் பக்கத்தில். முன்னால் பின்னால் என்ற தொல்லையே இல்லை.

எச்டி2அபிமானி:
கிரண் பற்றி எழுத நீங்கள் யார்? படம் போடும் முன் அது கிரண்தானா என்று யாரிடமாவது காட்டிவிட்டுப் போடுங்கள். அதுவும் காட்கே தொடங்கிய வடிவமைப்புதான்.

சும்மா பார்ப்பவன்:
பக்கத்தில் பக்கத்தில் என்றால் மாணவர் இடப்பக்கமா, வலப்பக்கமா?

வால்சக்கரம்:
இடப்பக்கம். ஹார்வர்ட்பித்தன் நாளைக்கு வலப்பக்கம் என்று எழுதுவார், பொறுத்திருந்து பாருங்கள்.

ஹார்வர்ட்பித்தன்:
நான் இன்னும் எதுவுமே எழுதவில்லை!

எச்டி2அபிமானி:
சிப்மங்க் படத்துக்கும் அப்படித்தான் சொன்னார்.